லாட்ஜ் வாசலில் எடுத்த ஆரத்தி

தலையணையை மோந்து பார்த்தால் போதும், ஒரு லாட்ஜின் ஜாதகம் தெரிந்துவிடும். தலைக்குத் தேய்த்த எண்ணெய், குடித்த சரக்கு, அழுத அழுகை எல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. போன தை மாதம் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் தலையணை தலையணையாக மோந்து நானே கண்டுபிடித்தது. லாட்ஜில் ஒரு நாள்கூடத் தங்காதவள் இவ்வளவு பேசுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நானும் அப்போது சிரித்துக்கொண்டுதான் அலைந்தேன்.

நாங்கள் இருப்பது அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் ஒரு காம்பவுண்டுக்குள், வரிசையாகக் கட்டிவிட்ட போர்ஷன்களில் ஒன்று. முன்னால் ஒரு ரூம், பின்னால் சமையல்கட்டு. கக்கூஸ் எல்லாருக்கும் பொது, கடைசியில் சுவரோரமாக இருக்கிறது. அதன் தாழ்ப்பாள் போய் ரொம்ப நாளாகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டால் "பாக்கலாம்" என்பார். உள்ளே போகிறவர்கள் கதவுமேல் துண்டைத் தொங்கவிட வேண்டும். துண்டைப் பார்க்காமல் கதவைத் தள்ளுகிறவர்களும் உண்டு என்பதால், வெளியே காவலுக்கு ஒரு ஆளையும் நிறுத்திக்கொள்வது நல்லது. எனக்கு ஆள் வேண்டாம். உள்ளே உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பேன். என் இருமலுக்குப் பயந்து யாரும் கிட்டே வர மாட்டார்கள்.

என் மகன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். எங்கள் பரம்பரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட பரம்பரை. அந்த வயல்களில் இப்போது கம்பெனிகள் முளைத்துவிட்டதால் பிள்ளைகள் கம்பெனிக்குப் போகிறார்கள். இடம் அதேதான், குனிகிற விதம்தான் வேறு. அதே எஸ்டேட்டில் கண்ணாடி போட்ட கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்க ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். டீக்கடையில் இரண்டு பேருக்கும் பழக்கமாகி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்தது. பெண் வீட்டார் மஞ்சள் காடு, கிணறு, கார் என்று வசதியானவர்கள். கல்யாணத்துக்கு வரவில்லை. பேத்தி பிறந்தாள், அதற்கும் வரவில்லை. தாய் வீட்டில் நடக்க வேண்டிய பிரசவத்தை நான்தான் பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து முடித்துவைத்தேன். மருமகள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் கழுத்து திரும்புகிற வேகத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அத்தை, எங்கப்பா போன் பண்ணுனாருங்க."

முறம் நின்றுவிட்டது. "இன்னாவாம்?"

"மெட்ராஸ் சுத்திப் பாக்க வர்றாங்களாமா. ரெண்டு நாளைக்கு."

"வரட்டுமே. மெட்ராஸ் இன்னா எங்கப்பன் ஊடா, என்னைக் கேட்டுகினு வர்றதுக்கு?"

"எங்கம்மாளும் வர்றாங்களாமுங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாமாமுங்க. பக்கத்துலயே சின்னதா, நல்லதா ஒரு லாட்ஜ் பாத்துச் சொல்லச் சொன்னாங்க. பெருசா ஆடம்பரமெல்லாம் வேண்டாமாமா."

உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் வருகிறார்கள் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பேத்தி இல்லை, மகன் இல்லை, தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கக்கூஸ். ஈரோட்டு அம்மா கையில் வாளியோடு காம்பவுண்டைக் கடந்து போகிற காட்சி ஒரு நொடியில் ஓடி முடிந்தது. அதற்குள் 'லாட்ஜ்' என்று சொல்லிவிட்டார்கள். தலையிலிருந்து அரிசி மூட்டையை இறக்கியது போல இருந்தது.

"அவ்ளோதானே? கவலைய உடு. நான் பாக்குறேன். மோந்து பாத்து முதல் கிளாஸா ஒண்ணு புடிக்கிறேன் பாரு."

மருமகள் உடனே போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் பார்க்கிறாள் என்று நினைத்து நான் முறத்தை நகர்த்தி வைத்தேன்.

இதில் என் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாரும் வரலாமா என்று கேட்க மாட்டார்கள். பையோடு வந்து நிற்பார்கள், பாய் எங்கே இருக்கிறதென்று அவர்களே எடுத்து விரிப்பார்கள், டிவியைப் போட்டுக்கொண்டு "இன்னா கொழம்பு?" என்பார்கள். என் நாத்தனார் ஒரு தடவை வளைகாப்புக்கு வந்து, அந்தக் குழந்தை தவழ்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போனாள். வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை, போ என்று யாரும் சொல்லவும் இல்லை. தங்க விருப்பம் இருக்கிறவர்கள் தங்குவார்கள். லாட்ஜ் வேண்டும் என்கிறவர்களுக்கு லாட்ஜ்தான் வேண்டும். இப்படித்தான் எனக்குத் தெரியும்.

மருமகள் போனில் படம் படமாகக் காட்டினாள். வெள்ளை மெத்தை, அதன்மேல் துண்டை மடித்து வாத்து மாதிரி செய்து வைத்திருந்தார்கள்.

"போட்டோவ நம்பாத. கல்யாணத்துக்கு முன்ன உங்க மாமனாரும் போட்டோவுல நல்லாத்தான் இருந்தாரு" என்றேன்.

தெருமுனையில் இட்லிக்கடை போடுகிறவள் என் சிநேகிதி. காலை வியாபாரம் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். கவுண்டரில் இருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ரூம் யாருக்கும்மா?"

"சம்பந்திக்கு."

"அவங்க எங்க?"

"ஈரோட்டுல."

"அப்ப இப்ப யாரு தங்கப் போறது?"

"யாரும் தங்கல நைனா. தலகாணிய மோந்து பாத்துட்டுப் பூடுவோம்."

அவர் போனை எடுத்து யாரிடமோ மெதுவாகப் பேச ஆரம்பித்தார். சிநேகிதி என் கையைக் கிள்ளினாள். "ஊட்ட உட்டு ஓடியாந்த கெழவிங்கன்னு நெனச்சிகினான்டி. போலீசுக்குப் போடறான் போல."

"ஓடறதுன்னு ஆயிட்டா ஊட்டிக்கு ஓட மாட்டோம்? அம்பத்தூருக்கா ஓடியாருவோம்?" என்று நான் கவுண்டர் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தலையணையைப் பார்க்காமலே திரும்பினோம்.

வேலப்பன்சாவடியில் ஹைவே ஓரமாக ஒன்று பார்த்தோம். ரூம் பளிச்சென்று இருந்தது. ஜன்னலைத் திறந்தால் லாரி உள்ளே வந்துவிடும் போலிருந்தது. வராண்டாவில் காலேஜ் பசங்கள் சட்டையில்லாமல் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஆடுகிறதா என்று பார்க்கப் படுத்தேன். ஏசியைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தக் குளிருக்கு எனக்குக் கண் செருகிவிட்டது. சிநேகிதி பக்கத்து நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள். மேனேஜர் கதவைத் தட்டி, "எம்மா, பாத்தாச்சா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்பா" என்றேன்.

பூந்தமல்லியில் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த லாட்ஜில் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, மெரூன், கல் வைத்தது, பாம்பு வளைந்தது.

"எத்தினி பேரு நெத்திய இங்கயே உட்டுட்டுப் போயிகீறாளுங்க பாரேன்" என்றாள் சிநேகிதி.

அங்கே தலையணையை மோந்ததோடு சரி. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை பக்கம் கிடைத்தது. பழைய வீட்டை மாற்றி நாலைந்து ரூம்கள் கட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு வெள்ளை, வாசலில் காகிதப்பூக் கொடி, மாடியில் நின்றால் ஏரித் தண்ணீர் தெரியும். வேலையிலிருந்து ரிட்டயர்டு ஆன ஒருத்தர் நடத்துகிறார். போனதும் டபரா செட்டில் காபி கொடுத்தார். ரூமா வேண்டும், யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையணையில் வெயில் வாசனை அடித்தது. வாடகையும் கைக்கு அடக்கம்.

பாத்ரூம் உள்ளேயே இருந்தது. நான் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. திறந்தேன். மறுபடி போட்டேன். வெளியே சிநேகிதி, "இன்னாடி பண்ற உள்ள?" என்று கதவைத் தட்டினாள். என்ன பண்ணினேன்? அந்தத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றேன். என் மருமகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு அவ்வளவு பெருமை.

வீட்டுக்கு வந்து ஏரி, காபி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் வாய் ஓயாமல் சொன்னேன். மருமகள் கேட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்குங்க அத்தை." மறுபடி அதே நிலைப்படி, அதே சாய்வு. "வேற ஒண்ணும் இல்லீங்களா?"

"வேற இன்னா? கொசுவத்தி வோணுமா? நானே வாங்கியாந்து வெச்சிடறேன்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கொசுவத்தியை அன்று சாயந்திரமே வாங்கிவிட்டேன்.

அவர்கள் வந்த நாளில் மகன் அரை நாள் லீவு போட்டான். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டைக்குள் எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் லாட்ஜ் வாசலில் நின்றான். மருமகள் குழந்தைக்குப் புது கவுன் போட்டிருந்தாள். முதல் தடவையாக வருகிற சம்பந்திக்கு ஆரத்தி எடுக்காமல் இருக்க முடியுமா? தட்டு, மஞ்சள், சுண்ணாம்பு, கற்பூரம் எல்லாம் நான் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். வாசல் படியிலேயே உட்கார்ந்து தண்ணீரைச் சிவப்பாகக் கரைத்தேன்.

லாட்ஜ்காரர் ஓடிவந்தார். "அம்மா, டைல்ஸ்ல கறை புடிச்சிக்கும்மா."

"தள்ளிக்கோப்பா. எங்க சம்பந்தி மேல ஊரு கண்ணு பட்டா நீயா சுத்திப் போடுவ?"

கார் வந்து நின்றது. முதலில் சம்பந்தி ஐயா இறங்கினார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பின்னால் அந்த அம்மா. என்னைவிடச் சின்னவள்தான். இறங்கியதும் கண் நேராகக் குழந்தைக்குப் போனது. பிறகு தலையை உயர்த்தி லாட்ஜ் போர்டைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

"இங்கயேங்களா?" என்றாள்.

"ஆமாம்மா, நில்லுங்க. ரெண்டு பேரும் ஜோடியா நில்லுங்க. உங்க சொந்த ஊடு மாரி நெனச்சிக்கோங்க."

அவள் நெற்றியைக் காட்டினாள். நான் பொட்டு வைக்கும்போது அவள் கண் நிறைந்திருந்தது. பேத்தியைப் பார்த்த ஆனந்தம் என்று நினைத்து நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். மூன்று சுற்று சுற்றி, தண்ணீரைக் காகிதப்பூ வேரில் ஊற்றினேன்.

கார் டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு வாழைத்தார், அரிசி மூட்டை, வெல்லம், குண்டு மஞ்சள், பித்தளைப் பானை, துணியில் சுற்றிய குத்துவிளக்கு. தாய் வீட்டிலிருந்து பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் மொத்தமாக வந்திருந்தது.

சம்பந்தி ஐயா என்னைப் பார்த்துக் கேட்டார். "இதெல்லாம் எங்கீங்க எறக்கறது?"

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"ரூம்லயே வெச்சிக்கோங்க. எடம் தாராளமா கீது, நான் அளந்தே பாத்துட்டேன்" என்றேன்.

அந்த அழகான ரூம் மளிகைக்கடை ஆகிவிட்டது. வாழைத்தார் டிவிக்குப் பக்கத்தில், குத்துவிளக்கு துணி பிரிக்காமல் அலமாரிக்குள். அந்த அம்மா கட்டில் நுனியில் உட்கார்ந்து பேத்தியை மடியில் வைத்து வெள்ளிக் கொலுசு போட்டாள். குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. "வாடி கண்ணு, வாடி சாமி" என்று அவள் கொஞ்சினாள். நான் அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? ஃபேன் போட்டுக் காட்டினேன். ஜன்னலைத் திறந்து ஏரியைக் காட்டினேன். அதோடு விட்டேனா?

"சம்பந்தியம்மா, இங்க வாங்களேன். இந்தத் தாழ்ப்பாளப் பாருங்க, இன்னா மாரி வேல செய்யுதுன்னு."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள்.

மறுநாள் அவர்கள் மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காரில் பீச், கோயில் என்று சுற்றினார்கள். நான் விடியற்காலையிலேயே வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்து, டப்பாவில் போட்டு மகனிடம் லாட்ஜுக்குக் கொடுத்தனுப்பினேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் என் எண்ணம். சாயந்திரம் நான் பின்பக்கம் போயிருந்த நேரத்தில் மருமகள் வந்துவிட்டாள்.

"கார்லயே வந்து எறக்கி உட்டுட்டுப் போயிட்டாங்க அத்தை" என்றாள். முகம் வீங்கியிருந்தது. பீச் வெயில் என்று நினைத்தேன். என்னைப் போல நினைக்கத் தெரிந்தவள் இந்தக் கள்ளிக்குப்பத்திலேயே கிடையாது.

அதற்கு அடுத்த நாள் காலை. அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற நாள். வழியனுப்ப லாட்ஜுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். தெருமுனையில் சிநேகிதி இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆவிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"நேத்து உன் சம்பந்தி காரு இங்கதான் நின்னுச்சு."

"தெரியும். பொண்ண எறக்கி உட்டுட்டுப் போனாங்களாம்."

"பொண்ணு உள்ள போயி எம்மா நேரம் ஆச்சு தெரியுமா? காரு நவுரவே இல்ல. அந்தம்மா கண்ணாடிய எறக்கி உட்டுகினு உங்க காம்பவுண்டயே பாத்துகினு கீது. அந்தப் பக்கம் போன ஒர்த்தரு யாரு வோணும்னு கேட்டாரு. 'யாருமில்லீங்க, சும்மா பாக்கறமுங்க'ன்னுச்சு. அப்பால முந்தானையால மூஞ்ச மூடிகிச்சு. அந்த ஐயா வண்டிய எடுத்துட்டாரு."

நான் கையில் பையோடு நின்றேன். "ஏன் எறங்கல?"

சிநேகிதி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ வான்னு கூப்டியாடி?"

"அவங்கதானே லாட்ஜு கேட்டாங்க?"

"அவங்க கேப்பாங்க. நீ கூப்டியா?"

"சிரமம் வோணாம்னாங்களே..."

"அடிப்பாவி! எஸ்டேட்டுல வேல பாக்குற அந்தூரு பசங்க எங்கிட்ட தெனம் துன்றானுங்க. பசி உசுரு போவும், 'இருந்தாக் குடுங்க அக்கா, இல்லீன்னா பரவால்லீங்க'ம்பானுங்க. நாம எடுத்து வெச்சாதான் கைய நீட்டுவானுங்க. அவங்க சிரமம்னா, இன்னா சிரமம், வாங்கன்னு நீ நாலு தபா இஸ்துருக்கணும். நீ இன்னா பண்ண? லாட்ஜு லாட்ஜா ஓடுன. நானும் உன்கூட வந்து தூங்கிட்டு வந்தேன். என்னச் சொல்லணும்."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போதும் அந்தக் கூட்டத்தை நான்தான் சிரிக்கவைப்பேன். அன்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காது சுட்டது.

திரும்பி வீட்டுக்குப் போனேன். மருமகள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீயாவது உன் அம்மாவ வரச் சொல்லி இருக்கக் கூடாதா?"

சீப்பு நின்றது. "நான் எப்படிங்க கூப்புடறது? வூட்டுக்குப் பெரியவங்க நீங்க. நீங்க கூப்புட்டாத்தானுங்க அவங்களுக்கு மரியாதை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நானும் பாத்துட்டே இருந்தனுங்க." அவள் குரல் உடைந்தது. "நீங்க லாட்ஜ் தேடுன வேகத்தப் பாத்து, அவங்க வர்றதே உங்களுக்குப் புடிக்கலையோன்னு..."

"ஐயோ, கக்கூஸுக்காகம்மா!" என்று கத்தியே விட்டேன். "அதுல போயி அவங்க எப்படி... அதான்..."

மருமகள் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கல்யாணமானதுலேர்ந்து நானும் அங்கதானுங்க அத்தை போறேன்."

எனக்கு யாரும் செருப்பால் அடித்ததில்லை. அடித்தால் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். மஞ்சள் காட்டில் பிறந்தவள், துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, பிள்ளை வயிற்றோடு அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு போய் வந்திருக்கிறாள். அவளுக்காக நான் ஒரு தாழ்ப்பாள் தேடியதில்லை. அவளைப் பெற்றவளுக்காக ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

ஆட்டோ பிடித்துப் பருத்திப்பட்டுக்குப் போனேன். அவர்கள் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாழைத்தாரும் அரிசி மூட்டையும் பின் சீட்டில் ஏறிவிட்டன. குத்துவிளக்கைச் சம்பந்தியம்மா கையிலேயே வைத்திருந்தாள். சுற்றிய துணி சுற்றியபடியே இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். மரியாதையான சிரிப்பு.

"வாங்க. ரூமு நல்லா இருந்துச்சுங்க. தாழ்ப்பாளும் நல்லா இருந்துச்சுங்க."

குத்தினாளா, நிஜமாகத்தான் சொன்னாளா, இன்றைக்கும் தெரியாது. எப்படியிருந்தாலும் எனக்கு வேண்டியதுதான்.

"ஊட்டுக்கு வாங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இருக்கட்டுமுங்க. வெயிலுக்கு முந்தி கெளம்போணுமுங்க. இன்னொருக்கா வாறோமுங்க."

எங்கள் தெருவில் என்றால் இத்தோடு பேச்சு முடிந்தது. வரவில்லை என்றால் வரவில்லை, போய் வா. என் கால் பழக்கத்தில் வழிவிட ஒரு அடி நகர்ந்தும்விட்டது. சிநேகிதி சொன்ன நாலு தபா ஞாபகம் வந்தது.

"அதெல்லாம் கெடையாது. வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுதான் போவணும்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல. நான்தான்..." சம்பந்தி ஐயா கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். லாட்ஜ்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படியில் நான் ஆரத்தி கரைத்த கறை இன்னும் போகவில்லை.

"எங்க ஊட்டு கக்கூஸ் பொதுவுல கீதும்மா. தாழ்ப்பாள் கெடையாது. உங்கள அதுல அனுப்ப எனக்கு வெக்கம். லாட்ஜுன்னு நீங்க சொன்னதும் தப்பிச்சோம்டான்னு புடிச்சிகினேன். வேற ஒண்ணும் இல்ல. என் பேத்தி மேல சத்தியம்."

அவள் விளக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். நான் பார்த்தேன், இனி வாயால் ஆகாது. காரின் பின்கதவைத் திறந்து, அரிசி மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"நான் எறங்க மாட்டேன். இப்படியே ஈரோட்டுக்கு வோணா இஸ்துகினு போங்க. மஞ்சக் காட்டுல களையெடுத்துப் பொழச்சிக்கிறேன். எனக்கு அந்த வேலை தெரியும்."

சம்பந்தி ஐயா ஒரு மாதிரி கனைத்தார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. "வண்டியத் திருப்பட்டுங்களா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா விளக்கோடு முன் சீட்டில் ஏறினாள்.

வழியெல்லாம் வாழைத்தார் என் விலாவில் குத்திக்கொண்டே வந்தது.

வீட்டு வாசலில் அவர்களை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். ஆரத்தித் தட்டைக் கழுவாமல் மூலையில் போட்டிருந்தேன். சோற்றுத் தட்டில்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன். மருமகள் குழந்தையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். காம்பவுண்டுப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"ஒருக்கா எடுத்தாச்சுங்களே" என்றாள் சம்பந்தியம்மா.

"அது லாட்ஜுக்கு எடுத்ததும்மா" என்றேன். சுற்றிய வேகத்தில் தண்ணீர் தளும்பி என் புடவையிலேயே சிந்தியது.

அவர்கள் வலது காலை வைத்து உள்ளே வந்தார்கள். குத்துவிளக்கைத் துணி பிரித்து வைத்தார்கள். விளக்கே பாதி ரூமை எடுத்துக்கொண்டது. சம்பந்தி ஐயா கால் நீட்ட இடமில்லாமல் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மகன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, மாமனார் தன் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கதவோரமாகவே நின்றுவிட்டான். நான் காபி போட்டேன். டபரா செட் இல்லை, எவர்சில்வர் டம்ளர்தான்.

காபி குடித்து முடித்ததும் சம்பந்தியம்மா மகளின் காதில் ஏதோ சொன்னாள். மருமகள் என்னைப் பார்த்தாள்.

"அத்தை... எங்கம்மா பின்னால போவோணுமாமுங்க. தூரப் பயணமுங்களே."

மொத்த வீடும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் எழுந்தேன். வாளியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் பிடித்தேன். வெளுத்த துண்டாகப் பார்த்து எடுத்தேன். நான் முன்னால், சம்பந்தியம்மா பின்னால். அன்றைக்கு மத்தியானம் என் மனதில் ஓடிய அதே காட்சிதான், வாளி மட்டும் என் கையில் இருந்தது. கொடியில் துணி காயப் போடுகிறவள், பாத்திரம் துலக்குகிறவள், எல்லாரையும் கடந்து போனோம். நான் போய் முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். துண்டைக் கதவுமேல் போட்டேன்.

"தாழ்ப்பாள் இல்ல சம்பந்தி. நான் புடிச்சிக்கிறேன்."

அவள் உள்ளே போனாள். நான் கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது போர்ஷன்காரி வாளியோடு வந்து நின்றாள்.

"யாரு உள்ள?"

"எங்க சம்பந்தி."

"எந்தச் சம்பந்தி? ஈரோட்டுக்காரங்களா? இங்கயா?"

நான் தலையை ஆட்டினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சம்பந்தியம்மா... அங்கதான் இருக்கறீங்களா?"

"கீறேன்மா. எங்கயும் போவல."

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். மறுபடியும், "இருக்கறீங்களா?"

"கீறேன்" என்றேன். என் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். கதவை விடவில்லை.